அடுக்களை அரவை: காப்பித்தூளும் கலப்பட அச்சமும் – திருவதிகை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்து அரைக்கும் வழக்கம், தமிழ் நடுத்தர வகுப்பாரின் சுவை நுட்பத்திற்கு அடையாளமாக இன்று நினைவுகூரப்படுகிறது. அவ்வழக்கம் சுவை நாட்டத்தால் மட்டும் நிலைபெற்றதன்று. காப்பி விளையாத சமவெளி ஊர்களுக்குக் கெடாமல் வந்து சேரக்கூடிய வடிவம் பச்சைக்கொட்டையே என்பதும், கடைத்தூளின்மீது இருந்த ஐயமும் அதற்கு அடிப்படைக் காரணங்களாக அமைந்தன. இவ்விரண்டின் சுமையையும் அடுக்களைப் பெண்களின் உழைப்பே தாங்கியது. கைப்பொறி, கடைப்பொறி, அச்சிட்ட உறை என அரவை இடம்மாறிய வரலாற்றை, தூளின் தூய்மைக்கு யார் பொறுப்பு என்னும் வினாவின் வரலாறாக இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: காப்பி, அரவைப்பொறி, சிக்கரி, கலப்படம், அடுக்களை உழைப்பு, திருவதிகை, தென்னார்க்காடு

முன்னுரை

கெடிலக் கரையில், இன்றைய பண்ருட்டி நகரை ஒட்டி அமைந்துள்ள திருவதிகை, அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. திருநாவுக்கரசர் வரலாற்றோடும் அவர்தம் தமக்கையார் திலகவதியார் வரலாற்றோடும் பிரிக்கவியலாத ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்ச்சியுடைய இத்தகைய ஊர்களின் உணவுமரபில் காப்பி மிகப் பிந்திய வரவாகும். அங்குக் காப்பி விளைவதில்லை. அண்மையில் விளையும் மலையும் இல்லை. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டில் சமவெளித் தமிழகத்தின் ஏனைய ஊர்களைப் போலவே இவ்வட்டாரத்திலும் காப்பி விடியற்காலைப் பானமாயிற்று.

தமிழகத்தில் காப்பி பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பின் பண்பாட்டு அடையாளமாகவும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் பிரிந்தமையை அவர் காட்டுகிறார். குடித்தலையும் குடித்தோரையும் மையப்படுத்திய அவ்வாய்வின் தொடர்ச்சியாக, கொட்டைக்கும் குவளைக்கும் இடையே நிகழும் அரவை என்னும் செயலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மலையிலிருந்து சமவெளிக்கு

17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் சூஃபித் துறவி ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழிச் செய்தி. பெருந்தோட்டப் பயிராகக் காப்பி வளர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியவராக அறியப்படுகிறார். குடகு, வயநாடு, நீலகிரி ஆகிய பகுதிகளிலும் அந்நூற்றாண்டில் தோட்டங்கள் பெருகின.

சமவெளித் தமிழர் காப்பியைப் பானமாக அறிவதற்கு முன்பே உழைப்பாக அறிந்திருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு, தமிழகச் சமவெளி மாவட்டங்களிலிருந்து இலங்கையின் கண்டி மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு ஏழை உழவர் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பிப் பயிரை ஏறத்தாழ அழித்தது. அந்நிலங்களில் தேயிலை வந்தது. அந்நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. நோயைத் தாங்கவல்ல ரோபஸ்டா இனம் 20-ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1870-களில் சென்னையிலிருந்து விழுப்புரம், பண்ருட்டி, கடலூர் வழியாகத் தெற்கே சென்ற இருப்புப்பாதை, திருவதிகை வட்டாரத்தை மாகாணத் தலைநகரோடு இணைத்தது. பின்னர் விருத்தாசலம் வழியாகச் சேலத்துடனும் கடலூர் இணைக்கப்பட்டது. காப்பி குடிக்கத் தேவையான மற்றொரு பண்டமாகிய வெள்ளைச் சர்க்கரை, பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள நெல்லிக்குப்பத்திலேயே பாரி நிறுவனத்தின் ஆலையில் உருவாயிற்று. சர்க்கரையும் பாலும் அருகிருக்க, கொட்டை மட்டும் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது.

கொட்டையாக வாங்கியதன் காரணம்

தொலைவே காப்பி எவ்வடிவில் வாங்கப்பட வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. முறையாக உலர்த்திய பச்சைக்கொட்டையில் 11 முதல் 12 விழுக்காடு ஈரமே இருக்கும். காற்றோட்டமான இடத்தில் அது பல மாதங்கள் கெடாது. வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் குன்றும். அரைத்த தூளோ சில நாள்களிலேயே தன் மணத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும்.

இதன் காரணம் எளிது. வறுக்கும்போது 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கொட்டைக்குள் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உருவாகின்றன. கரியமில வாயுவும் உள்ளே தங்குகிறது. கொட்டை முழுதாக இருக்கும்வரை அவை மெல்லவே வெளியேறும். அரைத்தவுடன் காற்றுப்படும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால், மணப்பொருள்கள் விரைந்து ஆவியாகின்றன. எண்ணெய்ப்பசை காற்றோடு சேர்ந்து சிக்கல் வாடை கொள்கிறது. காற்றுப்புகா உறைகள் புழக்கத்திற்கு வராத காலத்தில், மலையில் அரைத்த தூள் சமவெளி ஊரை அடையும்போது நிறமும் கசப்பும் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆகவே பச்சைக்கொட்டையை வாங்கிவைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்து அரைத்துக்கொள்வதே நல்ல காப்பிக்கு இருந்த வழியாயிற்று.

அரவைப்பொறியின் அமைப்பு

தமிழ் அடுக்களையில் அரவைக் கருவிகளுக்குக் குறைவில்லை. அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை என ஒவ்வொன்றுக்கும் உரிய பணி வகுக்கப்பட்டிருந்தது. இவற்றுள் எதுவும் காப்பிக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஈர அரவைக்கு உரியவை. மசாலையின் வாடையும் அவற்றை விட்டு நீங்காது. உரலில் இடித்தால் ஒரு பகுதி மாவாகவும் மறுபகுதி நொய்யாகவும் அமையும்.

ஐரோப்பாவில் உருவான இரும்புக் கைப்பொறி இவ்விடத்தை நிரப்பியது. இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்டு கென்றிக் 1815-இல் வார்ப்பிரும்புக் காப்பி அரவைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் பெஜோ நிறுவனம் 1840 முதல் இத்தகைய பொறிகளைச் செய்தது. மேலே கொட்டையை இடும் கிண்ணம், உள்ளே நிலையான ஒரு பல்வட்டும் சுழலும் ஒரு பல்வட்டும், பக்கத்தில் கைப்பிடி, கீழே தூளை ஏந்தும் அறை என்பது இதன் பொது அமைப்பு. இரு வட்டுகளுக்கு இடைப்பட்ட இடைவெளியைத் திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். நிலையான கல்லின்மீது மற்றொரு கல் சுழலும் திரிகையின் நெறிமுறையும் இதுவே. எனவே பொறி அயல்நாட்டிலிருந்து வந்தாலும், அதன் இயக்கம் தமிழ்ப் பெண்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

திருகாணியின் சிறப்பு, வடிகட்டும் முறையோடு தொடர்புடையது. இரண்டடுக்குப் பித்தளை வடிகட்டியில் வெந்நீர் தன் எடையாலேயே தூளின் ஊடாக இறங்கவேண்டும். தூள் மிக நைசாக இருந்தால் துளைகள் அடைபட்டு நீர் தேங்கும்; கொரகொரப்பாக இருந்தால் நீர் விரைந்து ஓடி டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். அன்றைய கொட்டை, அன்றைய வறுவல், வீட்டிலுள்ள வடிகட்டி ஆகியவற்றுக்கு ஏற்ப அரவையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு வீட்டுப்பொறியிலேயே இருந்தது.

சிக்கரியும் கலப்பட அச்சமும்

வீட்டு அரவை நிலைபெற்றதற்கு மணம் மட்டுமே காரணமாயின், அரவைக்கடைகள் வந்தவுடன் அது மறைந்திருக்க வேண்டும். மற்றொரு காரணம் கலப்பட அச்சமாகும். முழுக்கொட்டையில் கலப்படம் செய்தால் கண்ணுக்குத் தெரியும். தூளில் செய்தால் தெரியாது. மேலும் வறுக்கும்போது கொட்டையின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அந்த இழப்பை மலிவான பொருளைக் கொண்டு ஈடுசெய்யும் தூண்டுதல் தூள் வணிகத்தில் இயல்பாகவே உண்டு.

அப்பொருள்களுள் சிக்கரிக்குத் தனியிடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நெப்போலியனின் வணிகத் தடையால் காப்பி கிடைக்காத ஐரோப்பாவில் இவ்வேர் மாற்றுப் பொருளாகப் பெரிதும் பரவியது. இந்தியாவில் குசராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. அதிலுள்ள இனுலின் என்னும் மாச்சர்க்கரை வறுபடும்போது கருகிய இனிப்பையும் அடர்ந்த நிறத்தையும் தருகிறது. அதில் கஃபீன் இல்லை. பாலோடு சேரும்போது டிகாக்‌ஷனுக்குச் சிக்கரி தரும் திண்மையைப் பலர் விரும்பியே ஏற்றனர். ஆகவே விரும்பிச் சேர்க்கும்போது கலவையாகவும், மறைத்துச் சேர்க்கும்போது கலப்படமாகவும் ஒரே பொருள் இருவகையில் நின்றது. அளவை அறிவிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே வேறுபாடு.

இவ்வேறுபாட்டைச் சட்டம் மெல்லவே வரையறுத்தது. சென்னை மாகாணக் கலப்படத் தடைச் சட்டம் 1918-இல் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. அதன்கீழ் அமைந்த விதிகள், காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது எனவும், கலவை விகிதம் உறைமேல் அறிவிக்கப்பட வேண்டும் எனவும் வரையறுத்தன. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குமுறைகளிலும் இவ்வரம்பு தொடர்கிறது.

வீடுகளில் செய்யத்தக்க எளிய சோதனையும் உண்டு. குளிர்ந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தூளைத் தூவினால் காப்பித்தூள் மிதக்கும்; சிக்கரி நிறக்கோடு இழுத்தபடி அடியில் அமிழும். பாலின் தூய்மையைப் பால்மானியால் அளந்ததிலிருந்தே ‘டிகிரி காப்பி’ என்னும் பெயர் வந்தது எனப் பரவலாகக் கூறப்படும் விளக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். பாலிலும் தூளிலும் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டிய தேவை காப்பிப் பண்பாட்டின் உள்ளேயே இருந்தது.

தூய்மை என்னும் சொல் இங்கு ஒரு பொருளில் மட்டும் நிற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காப்பி உணவகங்கள் பலவற்றில் பார்ப்பனர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர்ப்பலகைகளில் சாதிப்பெயர் இடம்பெற்றது. 1957-இல் பெரியார் பெயர்ப்பலகையில் உள்ள ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கும் போராட்டத்தைச் சென்னையில் நடத்தினார். கலப்படமற்ற தூள் என்னும் நியாயமான கவலையும், பிறர் கைபடாத பண்டம் என்னும் சாதியக் கவலையும் வீட்டு அரவையில் ஒரே சொல்லின்கீழ் ஒதுங்கிக்கொள்ள இடமிருந்தது.

அடுக்களை உழைப்பு

வீட்டு அரவையைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுள் ஆர். கே. நாராயணின் குறிப்பு நன்கறியப்பட்டது. 1956-இல் அமெரிக்கா சென்ற பயண நாட்குறிப்பில் அவர் தம் தாயாரின் காப்பித் தேர்ச்சியை விவரிக்கிறார். கொட்டைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து தேர்தல், கரியடுப்பில் நிதானமாக வறுத்தல், எழும் புகையைக் கொண்டே பதமறிதல், அதன்பின் அரைத்தல் என அவ்வம்மையாரின் பணி ஓர் ஒழுங்குடைய கலையாக அதில் தோன்றுகிறது.

இக்குறிப்பு ஒன்றை வெளிப்படுத்தி மற்றொன்றை மறைக்கிறது. பொறுக்குதல், வறுத்தல், ஆறவைத்தல், அரைத்தல், பொறியைத் துடைத்தல் ஆகிய அனைத்தும் பிறர் எழுமுன் முடியவேண்டிய பணிகள். இரும்புப்பொறியின் கைப்பிடியைச் சுற்றுதல் எளிய வேலையன்று. பெரிய குடும்பத்தில் அது நாள்தோறும் நிகழ்ந்தது. நாற்றமும் நிறமும் ஒலியுமே அளவுகோல்களான இவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைவழியே சென்றது. குடித்தவர்கள் எழுதினர், அரைத்தவர்கள் எழுதவில்லை. அரவையின் வரலாறு சுவையின் வரலாறாக மட்டும் எஞ்சியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மின்சாரமும் தெரு அரவையும்

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, 1942-ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்பி வாரியம் வலுப்பெற்று உள்நாட்டு விற்பனையை ஊக்கியது. வாரியத்தின் விற்பனை நிலையங்கள் வறுத்தரைத்த தூளை நகரங்களில் விற்றன. தனியார் காப்பித்தூள் கடைகளும் பெருகின.

இம்மாற்றத்திற்கு மின்சாரம் துணைநின்றது. திருவதிகை அமைந்த மாவட்டத்திலேயே, 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் அனல்மின் நிலையம் 1962-இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. மின்விசையால் இயங்கும் அரவைப்பொறி கடைத்தெருவுக்கு வந்தபோது வீட்டுக் கைப்பொறி பரணேறியது. பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு எனக் கேட்டு, வாடிக்கையாளரின் கண்ணெதிரே அரைத்துச் சூடாகப் பொட்டலம் கட்டித் தருதல் இக்கடைகளின் வழக்கமாயிற்று. கைக்கு இருந்த பொறுப்பைக் கண் ஏற்றுக்கொண்டது.

பின்னர் வந்த மிக்ஸி வீட்டு அரவையை மீட்டது எனக் கருதவியலாது. அதன் கத்தி கொட்டையை நசுக்காமல் வெட்டுகிறது. துகள்கள் ஒரே அளவாக அமைவதில்லை. நெடுநேரம் ஓடினால் தூளும் சூடேறுகிறது. அண்மைக்காலத்தில் பல்வட்டுடைய கைப்பொறிகள் மீண்டும் விற்பனைக்கு வந்துள்ளன. ஒரு தலைமுறைக்கு முன் வேலையாக இருந்தது இன்று விருப்பமாகத் திரும்பியிருக்கிறது. பல வீடுகளில் கைப்பிடியைச் சுற்றுவோர் இப்போது ஆண்களாகவும் உள்ளனர்.

முடிவுரை

திருவதிகை போன்ற, காப்பி விளையாத ஊர்களிலிருந்து நோக்கும்போது வீட்டு அரவையின் வரலாறு மூன்று கட்டங்களாகத் தெளிவுறுகிறது. முதற்கட்டத்தில் தூளின் தூய்மைக்கு வீட்டுப் பெண்ணின் கை பொறுப்பேற்றது. இரண்டாவதில் கடையில் நின்று நோக்கிய வாடிக்கையாளரின் கண் பொறுப்பேற்றது. மூன்றாவதில் உறைமேல் அச்சான விழுக்காடும் அதன் பின்னுள்ள சட்டமும் பொறுப்பேற்றுள்ளன. அரைத்தவுடன் வடித்த காப்பியின் மணம் அறிவியலால் விளக்கத்தக்க உண்மை, அதில் மிகையில்லை. ஆனால் அம்மணத்தை மட்டும் நினைவில் நிறுத்தி, அதனை நாள்தோறும் உண்டாக்கிய உழைப்பை மறக்கும் வரலாறு முழுமையுறாது. பரண்களில் கிடக்கும் இரும்புப்பொறிகளையும், அவற்றைச் சுற்றிய மூத்த பெண்களின் வாய்மொழியையும் வட்டார வாரியாகத் திரட்டுதல் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்; அவ்வறிவைக் கைவழியே பெற்ற தலைமுறையினர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.