எதற்குப் பதிலாக? உணவுமுறையும் நலமுள்ளோரின் நெடுநாள் உடல்நிலையும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நோயாளிக்கு எது பத்தியம் என்பது பற்றி மருத்துவ மரபுகள் நிறையவே பேசியிருக்கின்றன. நோயில்லாத நடுவயதுக்காரர் ஒருவர் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே விதமாகச் சாப்பிட்டு வந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. மாரடைப்போ நீரிழிவோ அவரை வந்தடையப் பல்லாண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் அவர் தட்டில் ஆய்வாளர் சொன்னதையே பரிமாறிக் காத்திருக்க எந்த ஆய்வு நிதியும் தாங்காது. ஆகவே நமக்குக் கிடைப்பவை மூன்று வகைச் சான்றுகள்: ஊருக்கு ஊர் ஒப்பிடுதல், ஒரு கூட்டத்தாரைப் பல்லாண்டு பின்தொடர்தல், குலுக்கல் முறையில் அணி பிரித்துச் சோதித்தல்.

உணவுமுறை என்று இங்கே குறிப்பது தனியொரு சத்தையோ பண்டத்தையோ அல்ல, வழக்கமாக உண்பவற்றின் மொத்தச் சேர்மானத்தை. வயிறு ஓர் அளவுதான் கொள்ளும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். அதனால் ‘இது நல்லதா?’ என்பது அரைக் கேள்வி. ‘எதற்குப் பதிலாக?’ என்பதும் சேரும்போதுதான் அது சோதித்துப் பார்க்கத் தக்க கேள்வியாகிறது. சான்றுகளை இக்கட்டுரை அந்தக் கோணத்தில் அணுகுகிறது.

ஒன்றை முதலிலேயே விலக்கிவிடலாம். மத்தியதரைக்கடல் உணவுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’ சோதனை. அதில் சேர்ந்த 7,447 பேரும் இதயநோய் அபாயம் மிகுந்தவர்கள்; ஏறத்தாழப் பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள். 2013இல் வந்த கட்டுரை, அணி பிரித்ததில் நேர்ந்த பிழைகளுக்காக 2018இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தத்துடன் மறுபடி வெளியானது. நலமுள்ளோரைப் பற்றிய நம் கேள்விக்கு அது நேரடி விடை அல்ல.

2. கிரீட்டும் கிழக்குப் பின்லாந்தும்

அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, 40 முதல் 59 வயது வரையிலான ஆண்கள் 12,763 பேரைப் பின்தொடர்ந்தது. இதயநோய்ச் சாவு மிகக் குறைந்த இடங்களில் ஒன்று கிரேக்கத்தின் கிரீட் தீவு. மிகுந்தது கிழக்குப் பின்லாந்து. இரண்டு இடத்து ஆண்களும் உண்ட கொழுப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே: மொத்தக் கலோரியில் சுமார் 40 சதவீதம். கிரீட்டில் அது பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய், பின்லாந்தில் வெண்ணெயும் பாலும். நிறைவுற்ற கொழுப்பு கிரீட்டில் சுமார் 8 சதவீதம், பின்லாந்தில் 22. கொழுப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஊட்டச்சத்து அறிவுரை கூறிய அடுத்த சில பத்தாண்டுகள், இந்த ஒப்பீட்டின் பாதியைத்தான் படித்தன என்பது என் எண்ணம்.

ஊர்களை ஒப்பிடுவதில் உள்ள குறை வெளிப்படை. கிரீட்டின் விவசாயி எண்ணெய் மட்டுமா வேறாக உண்டார்? மலைச்சரிவில் நாள் முழுக்க நடந்தார். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாள்கள் ஆண்டுக்கு 180க்கும் மேல். அன்று இறைச்சி, பால், முட்டை கிடையாது. நோன்பைக் கீஸின் ஆய்வு தனியாகக் கணக்கிடவில்லை என்று பின்னாளில் சுட்டிக்காட்டியவர்கள் கிரீட் ஆய்வாளர்களே.

பின்லாந்து செய்தது, ஒப்பீட்டைத் தாண்டிய வேலை. 1972இல் பெக்கா புஸ்காவின் தலைமையில் வடக்குக் கரேலியா மாவட்டமே ஒரு சோதனைக் களமாயிற்று. வெண்ணெய் இருந்த இடத்தில் கடுகினத் தாவர எண்ணெய், கொழுப்பு மிகுந்த பாலுக்குக் கொழுப்பு குறைந்த பால், காய்கறிக்கும் பெர்ரிப் பழத்துக்கும் கூடுதல் இடம். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. புகைப்பழக்கமும் கூடவே குறைந்தது. பெருமை முழுவதையும் உணவுக்கே கொடுத்துவிட முடியாது.

3. பின்தொடர் ஆய்வுகள்

நம் கேள்விக்கு மிக நெருங்கி வருபவை ஹார்வர்டின் இரு பெரும் பின்தொடர் ஆய்வுகள்: 1976இல் தொடங்கிய செவிலியர் ஆய்வும், மருத்துவத் துறை ஆண்களுக்கென்று பின்னர் தொடங்கியதும். தொடக்கத்தில் இதயநோயோ புற்றுநோயோ இல்லாத 75,230 பெண்களையும் 44,085 ஆண்களையும் 36 ஆண்டுகள் வரை தொடர்ந்த கணக்கு 2023இல் வெளியானது. நான்கு உணவுமுறைக் குறியீடுகளை அது சோதித்தது: அமெரிக்க அரசின் வழிகாட்டி, அதற்கு ஹார்வர்டு செய்த மாற்று, மத்தியதரைக்கடல் முறை, தாவர உணவு முறை. ஒவ்வொன்றிலும் முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கடைசிப் பங்கினரைவிடச் சாவு அபாயம் 14 முதல் 20 சதவீதம் குறைவு. பெயர் நான்கானாலும் உள்ளடக்கம் பெரிதும் ஒன்றே: தீட்டாத தானியம், பயறு, கொட்டை, காய், பழம். பெயருக்காக நடக்கும் சண்டைகளில் நான் அக்கறை இழந்தது இந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான்.

2025இல் இதே கூட்டத்தாரிடம் கேள்வி மாற்றிக் கேட்கப்பட்டது. எழுபது வயதைத் தாண்டி, பெருநோய் இல்லாமல், நினைவும் நடையும் மனமும் கெடாமல் இருப்பவர் எத்தனை பேர்? 1,05,015 பேரில் 9.3 சதவீதம். எல்லா வகையிலும் நலம் என்ற உயர்ந்த அளவுகோலை வைத்தால் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. உணவு சீரானவர்களிடையே அந்த விகிதம் கூடியிருந்தது.

இந்த ஆய்வுகளின் பலவீனம் படிவத்தில் இருக்கிறது. ‘சென்ற ஆண்டில் கீரையை மாதத்துக்கு எத்தனை முறை உண்டீர்கள்?’ இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். நேற்றைய குழம்பு என்ன என்பதற்கே நம்மில் பலர் யோசிப்போம். போதாக்குறைக்கு, காய்கறி மிகுதியாக உண்பவரே நடைப்பயிற்சிக்கும் போவார், புகைக்க மாட்டார், வசதியும் ஓரளவு இருக்கும். புள்ளியியல் இவற்றைக் கழித்துப் பார்க்கும், முழுவதும் கழியாது.

இந்தச் சிக்கல் புலால் மறுத்தோர் பற்றிய ஆய்வுகளில் பளிச்சென்று தெரிகிறது. வட அமெரிக்காவின் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர் 73,308 பேரிடம், சைவ உணவினருக்குச் சாவு அபாயம் 12 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் சைவருக்கும், அவரைப் போன்றே வாழ்ந்த அசைவருக்கும் மொத்தச் சாவில் வேறுபாடு இல்லை. இதயநோய் சைவரிடம் 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் கூடுதல். பாலும் தவிர்த்தவர்களிடம் எலும்புமுறிவு மிகுந்தது; கால்சியம், புரதம், உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு கொஞ்சம் சுருங்கியது. விலக்கியது இறைச்சி என்று தெரிகிறது. அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கும். சைவம் என்ற சொல் பயற்றுச் சுண்டலையும் குறிக்கும், ஜாங்கிரியையும் குறிக்கும்.

4. அணி பிரித்த சோதனைகள்

அமெரிக்கப் பெண்கள் நல முன்முயற்சி, மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைச் சராசரியாக 8.1 ஆண்டுகள் தொடர்ந்தது. ஓர் அணி கொழுப்பைக் குறைத்துக் காய், பழம், தானியத்தைக் கூட்டியது. 2006இல் வந்த முடிவு பலரை ஏமாற்றியது: மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய், இதயநோய் எதிலும் உறுதியான குறைவு இல்லை. எதிர்பார்த்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை என்பது ஒரு காரணம். நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று பாராமல் மொத்தமாகக் குறைத்து, அந்த இடத்தில் பெருமளவு மாவுச்சத்தை வைத்தார்கள் என்பது, கிரீட்டை நினைவில் வைத்திருப்பவருக்குத் தோன்றும் காரணம்.

எதையும் மாற்றாமல் அளவை மட்டும் குறைத்தால்? ‘கேலரி’ சோதனை பருமன் இல்லாத, நலமுள்ள 218 பேரை எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் கலோரியை 25 சதவீதம் குறைப்பது திட்டம். தொடர் ஆலோசனை இருந்தும் அவர்களால் முடிந்தது சுமார் 12. அதற்கே இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. எலும்பின் அடர்த்தியும் சற்றே இறங்கியது. ஆயுள் கூடுமா என்பதை இரண்டு ஆண்டுகள் சொல்லாது.

கெவின் ஹாலின் 2019ஆம் ஆண்டுச் சோதனை இதனினும் சிறியது: 20 பேர், ஒவ்வோர் உணவுமுறைக்கும் இரண்டு வாரம். ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு ஒரு முறை, வீட்டுச் சமையலுக்கு ஒத்த உணவு மறுமுறை. முன்வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒப்பானவை. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். சத்துப் பட்டியல் ஒன்றாக இருந்தும் உண்ணும் வேகமும் அளவும் மாறின.

நேரம் வகுத்து உண்ணும் விரதங்களைப் பற்றிய நல்ல சோதனைகள் பெரும்பாலும் பருமனானவர்களிடம் நடந்தவை. 2022இல் வெளியான குவாங்சோ ஆய்வில், கலோரி அளவு ஒன்றானபோது எட்டு மணி நேர வரம்பு தனியாக எடையை உறுதியாகக் குறைக்கவில்லை. இங்கே அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

5. சோறு

தெற்காசியருக்கு இந்தக் கேள்வி வந்து நிற்கும் இடம் சோற்றுப் பானை. 21 நாடுகளில், நீரிழிவு இல்லாத 1,32,373 பேரைச் சராசரி ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வின் அரிசிக் கணக்கு 2020இல் வெளியானது. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழ் உண்டவர்களைவிட நீரிழிவு அபாயம் 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவை மட்டும் எடுத்தால் 61 சதவீதம். சீனாவில் உறுதியான தொடர்பே தென்படவில்லை.

அரிசி எல்லாருக்கும் அரிசிதானே? அளவைப் பாருங்கள். தெற்காசியாவில் இடைநிலை அளவு நாளுக்கு 630 கிராம், சீனாவில் 200. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுக்கொள்ளும் நம் பந்தி முறையில் சோறுதான் உணவு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. பொரியல் இரண்டு கரண்டியோடு நின்றுவிடும். கூட்டில் பருப்பைத் தேட வேண்டும். சோறு அங்கே மற்றவற்றின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

தீட்டலும் கணக்கில் வரும். எடை மிகுந்த, நீரிழிவில்லாத சிலரிடம் சென்னையில் நடந்த ஒரு சிறு சோதனையில், ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசி உண்டபோது இரத்தச் சர்க்கரை ஏற்றம் வெள்ளையரிசியைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பயறு சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. ஐந்து நாள் ஐந்து நாள்தான்.

2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ உணவுக் கணக்கு நாடெங்கும் எடுத்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் 5 சதவீதக் கலோரிக்குப் பதிலாகப் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்துக் கணித்தபோது நீரிழிவு வாய்ப்பு குறைந்தது. மொத்த மாவுச்சத்து குறையாமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தபோது குறையவில்லை. ஒரு காலகட்டத்துப் படம் அது. காரண காரியத்தை நிறுவாது. என்றாலும், ‘சர்க்கரை வந்துவிடக் கூடாது’ என்று இராச்சோற்றை நிறுத்தி மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் வைக்கும் வீடுகளில் சோறு போன இடத்தில் மாவே வந்து உட்கார்ந்திருக்கிறது. கொண்டைக்கடலை இன்னும் டப்பாவில்தான்.