அகில இந்திய வானொலியும் திரைப்பாடல் தடையும்

1952-க்கும் 1957-க்கும் இடையில் இந்திய அரசின் வானொலியில் திரைப்பாடல் கேட்பது அரிதாயிற்று. இந்தியாவில் அப்போது வேறு வானொலி நிறுவனம் கிடையாது. திரைப்பாட்டை விலக்கி வெளிப்படையான சட்டம் எதுவும் வரவில்லை. அமைச்சகம் விதித்த கட்டுப்பாடும், அதை ஏற்காத படத் தயாரிப்பாளர்களின் மறுப்பும் சேர்ந்தே பாட்டை நிறுத்தின. மக்கள் அதைத் தடை என்றே சொன்னார்கள். அது சரியான சொல்தான்.

அரசு வானொலி இசையைச் சலிக்கத் தொடங்கியது அதற்கும் முன்பே. 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியம் வானொலி நிலையங்களுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று. அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன். டில்லி நிலையத்தில் பணியாற்றிய ஜான் ஃபவுல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதியிருந்தார். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நுண்ணிய ஒலிகளையும் கமகத்தையும் கட்டையை அழுத்தி வாசிக்கும் பெட்டியால் தர முடியாது என்பது அதை எதிர்த்தவர்களின் வாதம். தாகூரும் அதை வெறுத்தார். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஊரூராக ஒலித்த ஒரு கருவியை அரசு உத்தரவு போட்டு விலக்கியதில் நியாயம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில்தான் அந்தக் கதவு சற்றே திறந்தது.

1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், இந்துஸ்தானி இசையை முறையாகக் கற்றவர். 1962 வரை பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார். திரையிசை மேற்கத்திய மெட்டுகளைக் கலந்து மக்களின் செவியைக் கெடுக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒலிபரப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரைப்பாடல் கூடாது, அதுவும் தணிக்கை செய்த பிறகே வரவேண்டும் என்று வகுத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார். அறிவிப்பாளர் பாடியவரின் பெயரைச் சொல்வார், அதோடு சரி. எந்தப் படம் என்று கேட்பவருக்குத் தெரியாது. பாடல் உரிமை தயாரிப்பாளர்களிடம் இருந்தது. படத்தின் பெயரையே சொல்லாத ஒலிபரப்பால் தங்களுக்கு என்ன பயன் என்று அவர்கள் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களுக்குள் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்துபோனது.

கேஸ்கரின் பணியில் நல்லதும் உண்டு. ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் வழிநடத்திய வாத்திய விருந்தா என்ற இசைக்குழு, 1954-இல் தொடங்கிய வானொலி இசை விழா இரண்டும் அவர் காலத்தவை. திரைப்பாட்டுக்கு மாற்றாக நிலையங்களிலேயே மெல்லிசைப் பாடல்கள் உருவாயின. சாஸ்திரிய இசைக் கலைஞர்கள் பலருக்கு வானொலி வாழ்வளித்தது. இதையெல்லாம் திரைப்பாட்டை விலக்காமலே செய்திருக்கலாம் என்பதே அவர்மீது நிற்கும் குறை.

கேட்பவர்கள் காத்திருக்கவில்லை, சிற்றலையில் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. 1950-இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952 டிசம்பரில் அறிவிப்பாளர் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி ஆரம்பமானது. பம்பாயில் ஒலிப்பதிவாகும் நாடா கொழும்புக்கு விமானத்தில் போய், அங்கிருந்து இந்திய வீடுகளுக்கே திரும்பி வந்தது. விளம்பரப் பணமும் அதே வழியில் வெளியே போனது. தமிழ்நாட்டில் அந்தக் கொழும்பு நிலையத்தின் பெயர் சிலோன் ரேடியோ. அதன் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காகவே தேநீர்க் கடைகளில் கூட்டம் நின்றது. படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என எல்லா விவரங்களும் பாட்டோடு வந்தன. தமிழ்த் திரையிசையை இரண்டு தலைமுறைக்குக் கொண்டுசேர்த்ததில் அந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழர்கள் அந்தக் கடனை மறக்கக் கூடாது.

கேஸ்கர் பதவியில் இருந்தபோதே அரசு இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை தொடங்கியது, திரைப்பாட்டும் திரும்பியது. 1967-இல் அதில் விளம்பரங்களும் வந்தன.

தனிப் பாட்டுகளை விலக்கும் வழக்கம் மட்டும் நீடித்தது. 1971-இல் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தின் ‘தம் மாரோ தம்’ போதைப் பழக்கத்தைப் போற்றுகிறது என்று அகில இந்திய வானொலி அதை ஒதுக்கியது. பினாகா கீத்மாலாவின் 1972-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதுதான் முதலிடம். நெருக்கடி நிலையின்போது தடை பாட்டைத் தாண்டிப் பாடகரையே தொட்டது. அரசின் பிரசாரத்துக்கு ஒத்துழைக்க மறுத்த கிஷோர் குமாரின் பாடல்கள் 1976 மே மாதம் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தப்பட்டன. அவருடைய இசைத்தட்டு விற்பனையையும் முடக்க அதிகாரிகள் முயன்றார்கள். இவற்றைப் பின்னர் நெருக்கடி நிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா விசாரணைக் குழு பதிவு செய்தது. கேஸ்கருக்கு ரசனை பற்றிய ஒரு கொள்கையாவது இருந்தது. 1976-இல் நடந்தது அப்பட்டமான பழிவாங்கல்.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 1997-இல் வானொலி பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தது. 2001 முதல் தனியார் எஃப்எம் நிலையங்கள் பெரும்பாலும் திரைப்பாடல்களை நம்பியே இயங்குகின்றன. அவற்றின் உரிம நிபந்தனைகளில் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதும் ஒன்று.