சவர்க்காரம்: சவரமும் அன்று, சாவோனும் அன்று

சவுக்காரம் என்பது புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் ‘சாவோன்’ சிதைந்த வடிவம் என்கிறார்கள் சிலர். சவரத்துக்கு உதவிய காரம் என்பார் வேறு சிலர். இரண்டும் வெறும் ஓசை மயக்கம். சாவோனின் வாலில் காரம் ஒட்டியது எப்படி என்று முன்னவர் சொல்வதில்லை. துணி வெளுக்கும் கட்டிக்குச் சவரக்கத்தி பெயர் தந்த கதையைப் பின்னவரும் விளக்குவதில்லை.

ஈழத்தார் இன்றும் வழங்கும் சவர்க்காரமே திருந்திய வடிவம். சவர் என்றால் உவர்ப்பு, சவடு, உவர்மண். தெலுங்கில் அதுவே சவுடு, கன்னடத்தில் சவுளு. வண்ணார் அழுக்கெடுத்தது இந்த மண்ணால்தான். புறநானூறு 311இல் ஔவையார் காட்டும் புலைத்தி களர்நிலத்தில் கிணறு தோண்டியே நாள்தோறும் ஆடை வெளுக்கிறாள். வள்ளுவர் கல்லாதவருக்கு உவமையாக்கிய அதே களர், உழவனுக்குப் பாழ், வெளுப்பவளுக்கு முதல்.

இந்தச் சவரும் உவரும் ஒரு வேரின என்பது என் துணிபு. சிறகு இறகாகவும் சிப்பி இப்பியாகவும் முதற் சகரம் இழந்ததைத் தமிழறிந்தார் அறிவர். கோண்டியில் உப்பு இன்றும் ‘சொவர்’. பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் சவரையும் உவரையும் வெவ்வேறு பதிவுகளாக வைத்தது எனக்கு உடன்பாடன்று.

காரத்தை வடமொழி க்ஷாரம் என்பார், க்ஷணம் கணமானதைச் சான்று காட்டுவர். கார்ப்பு நம் அறுசுவையுள் ஒன்று; அதைவிட்டு அயலே தேடுவானேன்? வெங்காரம், படிகாரம் எல்லாம் இக்குடும்பமே.

சவரும் காரமும் சேர்ந்ததே சவர்க்காரம் என்பதைச் செய்முறையும் சொல்கிறது. சவட்டு மண்ணைக் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, தெளிந்த காரநீரில் எண்ணெயைக் காய்ச்சினால் கட்டி இறுகும். இன்று மண்ணின் இடத்தில் காரச்சோடா: ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் வேண்டும். பிறகு நான்கைந்து வாரம் நிழலில் உலரவிடுவர். இலுப்பை எண்ணெய்க்கு இதைவிடக் குறைந்த காரமே போதும்.

எனவே, ‘காரமே சேர்க்காமல் கையால் செய்த சோப்பு’ என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள். சவரும் காரமும் இன்றிச் சவர்க்காரம் இல்லை; இரண்டும் தமிழே என்பேன்.