அச்சிலிருந்து அச்சுக்கு: இருதய மருந்தின் அளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு ஹி. 404 / கி.பி. 1013) ‘அத்தஸ்ரீஃப்’ எனும் முப்பது பாகங்கள் கொண்ட தமது நூலில் குளிசை செய்யும் முறையொன்றை விவரிக்கின்றார். கருங்காலி மரத்தாலோ தந்தத்தாலோ ஆன ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் அரைக் குளிசை அளவிற்குக் குழி செதுக்க வேண்டும். ஒரு பாதியின் குழிக்கு அடியில் மருந்தின் பெயரை இடவலம் மாற்றிப் பொறிக்க வேண்டும். அப்போதுதான் அச்சிலிருந்து வெளிவரும் குளிசையில் அப்பெயர் நேராக வாசிக்கப்படும். ஐரோப்பாவில் கூட்டன்பேர்க் தமது அச்சு இயந்திரத்தை அமைப்பதற்கு ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி இது. அஸ்ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். இந்தச் சிறு பலகையைக் கவனித்தவர்கள் சிலரே.

பொறிக்கப்பட்ட பெயர், உண்பவரின் கையில் இருப்பது எந்த மருந்து என்பதை அறிவிக்கின்றது. குழியின் அளவு, நேற்றைய குளிசையும் இன்றைய குளிசையும் ஒன்றே என்பதை உறுதிப்படுத்துகின்றது. ஆனால் இந்த ஒருசீர்மைக்கு நேர் எதிரான ஒரு கோட்பாட்டையும் அதே மருத்துவ மரபு கற்பித்து வந்தது. ஒவ்வொருவரின் மிஸாஜும், அதாவது உடற்பாங்கும், வேறானது. வயதும் பருவகாலமும் வாழும் நிலமும் அதனை மாற்றுகின்றன. எனவே மருந்தின் அளவும் ஆளுக்கு ஆள் மாறவேண்டும் என்பதே அது.

அளவை ஊகத்தினின்றும் விடுவித்துக் கணிதத்தின்பால் கொண்டுவர முயன்றவர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி. கூட்டு மருந்துகளின் வீரியம் பற்றிய அவரது சிறுநூல், ஜாலினூஸ் வகுத்த நான்கு படித்தரங்களுக்கு எண் மதிப்பு வழங்கியது. ஒரு மருந்தில் சூடு குளிர்ச்சியைப் போல் இரு மடங்காயின் அது முதற்படி. நான்கு மடங்காயின் இரண்டாம் படி. பின்னர் எட்டு, பதினாறு. இவ்விதியைக் கொண்டு பல சரக்குகள் கலந்த ஒரு மருந்தின் மொத்த வீரியத்தைக் கணக்கிடலாம் என்றார் அவர். இப்னு ருஷ்த் (மறைவு ஹி. 595 / கி.பி. 1198) தமது ‘அல்குல்லிய்யாத்’தில் இதனைக் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் உண்டு. சூட்டையும் குளிர்ச்சியையும் நிறுப்பதற்கு எவரிடமும் தராசு இருக்கவில்லை. இன்றைய மில்லிகிராம் கணக்கை அல்கிந்தி அன்றே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது அவருக்கும் நீதியன்று, அறிவியலுக்கும் நீதியன்று. அவர் எழுப்பிய கேள்வியே நமக்குரிய சொத்து.

இருதயத்திற்கென்றே தனி நூல் யாத்தவர் இப்னு ஸீனா (ஹி. 370-428 / கி.பி. 980-1037). ‘அல்அத்வியதுல் கல்பிய்யா’ எனும் அந்நூலில் குங்குமப்பூ, கஸ்தூரி, அம்பர், முத்து, பட்டுக்கூடு முதலானவற்றை அவர் ஆராய்கின்றார். மகிழ்ச்சி, துயரம், அச்சம் ஆகியவற்றுக்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை விளக்கிய பின்னரே மருந்துகளுக்கு வருவது அந்நூலின் சிறப்பு. பின்னாளில் வில்லனோவாவின் அர்னால்டு இதனை இலத்தீனுக்குப் பெயர்த்தார். ‘அல்கானூன்’ இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்த இப்னு ஸீனா, நோயின் வலிமைக்கு ஈடான வலிமையே மருந்துக்கு வேண்டும் என்றும், மென்மையானதிலிருந்து தொடங்கவேண்டும் என்றும் நிபந்தனையிட்டார்.

கி.பி. 1843இல் இங்கிலாந்தில் வில்லியம் புரொக்டன் மருந்துத் தூளை அழுத்திக் குளிசையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் அஸ்ஸஹ்ராவியின் பலகை தொழிற்சாலைக்குச் சென்றது. மலிவும் ஒருசீர்மையும் கிடைத்தன. நோயாளியின் தனித்தன்மை பின்னுக்குப் போயிற்று. இரத்தம் உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் இதற்குத் தக்க சான்று. பரம்பரைக் கூறுகளாலும் உணவாலும் பிற மருந்துகளாலும் அதன் தேவை ஒருவருக்கொருவர் பெரிதும் மாறுகின்றது. குறைந்தால் இரத்தம் உறையும், மிகுந்தால் கசியும். பிரித்தானியாவில் 1 மில்லிகிராம் பழுப்பு, 3 மில்லிகிராம் நீலம், 5 மில்லிகிராம் இளஞ்சிவப்பு என நிறம் பிரித்து வழங்கப்படும் குளிசைகளை முதிய நோயாளிகள் தாமே எண்ணிச் சேர்த்துக்கொள்கின்றனர். தொழிற்சாலை செய்யாது விட்ட கணக்கை நடுங்கும் கைகள் செய்கின்றன.

2003ஆம் ஆண்டு வால்ட், லோ எனும் இரு பிரித்தானிய அறிஞர்கள், 55 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆறு மருந்துகளை ஒன்றாக்கிய ஒரே குளிசையை வழங்கலாம் என முன்மொழிந்தனர். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே அதன் அடிப்படை. 2015இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினர். கலாநிதிப்பட்ட ஆய்வொன்றின் பகுதியாக அமைந்த அம்முயற்சியில், பசைபோல் குழைத்த மருந்தை முப்பரிமாண அச்சுப்பொறியின் நுண்குழாய் வழியே படலம் படலமாக இட்டு, ஐந்து மருந்துகள் கொண்ட ஒரு குளிசை உருவாக்கப்பட்டது. பிரவஸ்டாட்டின், அட்டெனொலோல், ரமிப்ரில் ஆகிய மூன்றும் தனித்தனி அறைகளிலிருந்து மெதுவாகக் கசிந்தன. மேற்படலத்திலிருந்த அஸ்பிரினும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் உடனடியாகக் கரைந்தன. அச்சுப்பொறிக்குக் கொடுக்கும் வரைபடத்தை மாற்றினால் அளவும் மாறும். புதிய வார்ப்புக் குழி தேவையில்லை. அது ஆய்வுகூடக் குளிசையே. நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்ததன்று. அதே 2015இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற முதலாவது அச்சுக் குளிசை இருதயத்திற்குரியதன்று, வலிப்பு நோய்க்குரியது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஈரானின் குலிஸ்தான் மாகாணக் கிராமங்களில் 6,838 பேரிடையே ஐந்தாண்டுகள் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, மலிவான, அளவு மாறாத நான்கு மருந்துக் குளிசையே பெரும் இருதய நோய் நிகழ்வுகளை 34 சதவீதம் குறைத்ததாகக் கண்டது. எனலப்ரில் இருமலை உண்டாக்கியோருக்கு அதற்குப் பதிலாக வல்சார்ட்டன் சேர்த்த குளிசை வழங்கப்பட்டது. ஆளுக்கேற்ற மாற்றம் என்று அங்கு இருந்தது அவ்வளவே. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டுக் குளிசைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பெருந்தொகை மக்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. அச்சுப்பொறியின் தேவை குழந்தைகளுக்கும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், வார்ஃபரின் போன்ற நுண்ணளவு மருந்து உண்போருக்குமே மிகுதி.

மற்றொரு கேள்வி கண்காணிப்புப் பற்றியது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கைநூல், கடைத்தெருவில் மருந்து விற்போரின் கலப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவற்றை முஹ்தஸிப் கண்டுபிடிக்கும் வழிகளையும் கூறுகின்றது. இப்னு ஸீனா இருதயத்திற்கு விதித்த கஸ்தூரியும் குங்குமப்பூவும் அதில் இடம்பெறுகின்றன. விலையுயர்ந்தவை என்பதால் அவற்றிலேயே மோசடியும் மிகுந்திருந்தது. இன்றைய தொழிற்சாலையில் ஒரு தொகுதியிலிருந்து சில குளிசைகளை எடுத்துக் கரைத்துச் சோதித்து மீதியை விற்பனைக்கு விடுகின்றனர். ஒரே நோயாளிக்கென முப்பது குளிசைகள் மட்டும் அச்சிடப்படும்போது எத்தனையைக் கரைப்பது? மருத்துவமனையிலேயே மருந்து செய்வதற்கான தனிச் சட்டவிதிகள் பிரித்தானியாவில் 2025 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. குளிசையைச் சிதைக்காமல், அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி அதனுள் இருக்கும் மருந்தின் அளவை அறியும் முறைகளில் ஆய்வாளர்கள் உழைத்து வருகின்றனர். கோபன்ஹேகனில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உண்ணத்தக்க ஏட்டில் மருந்தையே மையாகக் கொண்டு கைத்தொலைபேசியால் வாசிக்கக்கூடிய சதுரக் குறியீட்டை அச்சிட்டது. கருங்காலிப் பலகையில் மருந்தின் பெயர் இருந்த இடத்தில், அதனை உண்ணவேண்டியவரைப் பற்றிய விபரங்களையும் பதிக்க அக்குறியீட்டில் இடமுண்டு.