சாவி யாருடைய கையில்? ஏழை நாடுகளின் நூலகங்களுக்குத் தரவுத்தளங்கள் வந்த கதை

நம் ஊர் நூலகத்துக்குக் கணினிகள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று வட்ஸ்அப் குழுமங்களில் பேச்சு நடக்கிறது. நல்ல விசயம். ஆனால் "இனிப் புத்தகம் எதற்கு, எல்லாம் ஒன்லைனில் இருக்கிறதே" என்று சிலர் எழுதியதைப் பார்த்ததும் இந்த வரலாற்றைச் சொல்லலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

வறிய நாடுகளின் நூலகங்களுக்குத் தரவுத்தளம் இணையத்தோடு வந்த ஒன்றல்ல. 1985இல் யுனெஸ்கோ, சிடிஎஸ் ஐசிஸ் என்ற மென்பொருளைச் சாதாரண மேசைக் கணினியில் ஓடும்படி செய்து இலவசமாகக் கொடுத்தது. (பெயரைக் கண்டு யாரும் பதற வேண்டாம், இது 80களின் சமாச்சாரம்!) ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எங்கும் அது பரவியது. இலங்கை நூலகங்களும் பாவித்தன. அதற்குள் கட்டுரைகள் இருக்காது. என்ன நூல், யார் எழுதியது, எந்த இறாக்கையில் இருக்கிறது என்ற விபரம் மட்டும்தான். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து நூலக ஊழியர்களே தட்டச்சு செய்தார்கள். மெதுவான வேலைதான். ஆனால் முடிந்தபோது அந்தத் தரவு அவர்களுடையதாக இருந்தது.

1999இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் டீல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விவசாய ஆய்வுச் சஞ்சிகைகளை நூற்றுக்கும் மேற்பட்ட சீடிக்களில் பதிந்து, வறிய நாடுகளின் நூலகங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். இணைய இணைப்புத் தேவையில்லை. பெட்டி வந்து சேர்ந்துவிட்டால் நூலகத்தின் சொத்து.

பெரிய மாற்றம் 2002 ஜனவரியில் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து ஹினாரி என்ற சேவையை ஆரம்பித்தன. சுமார் 1,500 மருத்துவச் சஞ்சிகைகள் இணையத்தில் திறந்தன. தலா வருமானம் 1,000 டொலருக்குக் குறைந்த நாடுகளுக்கு இலவசம். 3,000 டொலர் வரையுள்ள நாடுகளில் ஒரு நிறுவனம் வருடத்துக்கு 1,000 டொலர் கட்டினால் போதும் என்று அடுத்த கட்டத்தில் முடிவானது. தனியொரு சஞ்சிகையின் வருடச் சந்தாவே சில வேளை அதைவிட அதிகம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் இதே உலக சுகாதார நிறுவனம், நூறு சொச்சம் புத்தகங்களை நீல நிறத் தகரப் பெட்டியில் அடுக்கி ஆபிரிக்க மாவட்ட வைத்தியசாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து இதற்கு எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிர்வாகம் என்ற தலையிடி இங்கேதான் தொடங்குகிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நிறுவனத்துக்கு ஒன்றுதான். அது நூலகரின் பொறுப்பு. வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் உள்ளே இருக்கும் வைத்தியருக்கும் மாணவருக்கும் அது இருப்பதே தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்? நூலகர் இடமாற்றம் பெற்றுப் போனால் கடவுச்சொல்லும் சேர்ந்து போகக்கூடும். இணைப்பு மெதுவாக இருந்தால் ஒரு கட்டுரை இறங்குவதற்குள் மின்சாரம் போய்விடும். இதனால்தான் ஹினாரியும், இங்கிலாந்தின் இனாஸ்ப் அமைப்பும் சஞ்சிகைகளைத் திறந்துவிட்டதோடு நிற்காமல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகளும் நடத்தின.

அடுத்தது 2011 ஜனவரி, பங்களாதேஷ். சில பெரிய பதிப்பகங்கள் 2,500க்கும் மேற்பட்ட சஞ்சிகைகளை அந்நாட்டுக்கு ஹினாரியிலிருந்து விலக்கிக்கொண்டன. அங்கே இப்போது பணம் கட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். அச்சுச் சஞ்சிகை என்றால் சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் இறாக்கையில் கிடக்கும், நாளைக்கும் எடுத்து வாசிக்கலாம். இணையத்தில் அப்படியில்லை. நேற்று வாசித்த பக்கமும் இன்று பூட்டியிருந்தது.

நம் வீடுகளில் வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கிறோமே, அந்தச் சிகிச்சை பலன் தரும் என்று நிரூபித்த முக்கியமான ஆய்வு 1968இல் இதே டாக்காவில் நடந்தது. அது வெளிவந்தது லான்செட் சஞ்சிகையில். உலகத்துக்கே அந்த அறிவைக் கொடுத்த ஊரின் வைத்தியர்கள்தான் 43 வருடங்களுக்குப் பிறகு சஞ்சிகை கிடைக்காமல் நின்றார்கள். இதைக் கண்டித்து டாக்காவிலிருந்து எழுதியதும் லான்செட்டிலேயே வந்தது. விலகிய பதிப்பகங்களில் ஒன்றான எல்செவியரின் சஞ்சிகைதான் லான்செட்! கண்டனம் பெருகவே கொஞ்ச நாளில் மீண்டும் திறந்துவிட்டார்கள்.

பதிப்பகங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தார்கள், பல உயிர்கள் அதனால் பிழைத்திருக்கும். ஆனால் கொடுத்தவரின் கையில்தான் சாவி இருந்தது.

மறுபக்கமும் உண்டு. 2008இல் இனாஸ்ப் உதவியோடு இலங்கைச் சஞ்சிகைகளுக்கான இணையத்தளம் தொடங்கியது; நமது தேசிய விஞ்ஞான மன்றம் அதைப் பொறுப்பேற்றது. நம் நாட்டு ஆய்வுகளை எந்த நாட்டிலிருந்தும் காசில்லாமல் வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். பழைய தமிழ் நூல்களும், அல்ஹஸனாத் போன்ற நம் சஞ்சிகைகளின் பழைய இதழ்களும் அங்கே கிடைப்பது யாரோ ஒருவர் அவற்றைக் கறையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்து, இன்னொருவர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ததால்தான்.

எனவே கணினி வாங்கும்போது ஒரு ஸ்கேனருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் மாதக் கொடுப்பனவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், உம்மா வாப்பா காலத்துக் கையெழுத்துச் சஞ்சிகை ஏதாவது உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்து, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்.