இரவில் கதவு தட்டப்பட்டால்: வீட்டில் தனியாக இருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் ஊர்களில் பல வீடுகளின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்காரர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். இரவு பதினொன்றரை மணிக்குக் கதவு தட்டப்படுகிறது. "யாரு?" என்று கேட்டால் தெரியாத குரல். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. பதற்றத்தில் சிலர் கதவைத் திறந்துவிடுகிறார்கள், சிலர் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. முன்கூட்டியே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கதவைத் தட்டியவரைத் திறக்காமல் அனுப்புவது மரியாதையா, பாவமாகிவிடாதா?" என்று நம் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூர், பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதைக் கடமையாக்கியிருக்கிறது. 28ஆம் வசனம், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போய்விட வேண்டும், அதுவே தூய்மையானது என்கிறது. ஆக, திறக்க மறுப்பது வீட்டில் இருப்பவரின் உரிமை. அதை ஏற்றுக்கொள்வது வந்தவரின் கடமை. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிச் சென்ற செய்தி புகாரியில் இருக்கிறது. வாசலில் நின்றவர் சிறந்த நபித்தோழர், உள்ளே இருந்தவர் கலீஃபா. அங்கேயே இதுதான் முறை என்றால், நள்ளிரவில் முகம் தெரியாதவருக்காக நாம் சங்கடப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். ஜாபிர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கதவைத் தட்டியபோது, யார் என்று கேட்கப்பட்டது. அவர் "நான்தான்" என்றார். அந்தப் பதிலை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. பெயர் சொல்லாத பதில் பதிலே அல்ல. "நான்தான் லாத்தா, திறங்க" என்று ஒரு குரல் கேட்டால், பழகிய குரல் போலத் தோன்றினாலும் பெயரைக் கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேளுங்கள். உண்மையில் தெரிந்தவர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம்

தட்டும் சத்தம் கேட்டதும் உள்ளே இருக்கும் விளக்கைப் போடாதீர்கள், வாசல் விளக்கைப் போடுங்கள். வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருந்தால் நீங்கள் அவரைப் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்க்க முடியாது. கதவில் லென்ஸ் இருந்தால் அதில் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஜன்னலை அரைகுறையாகத் திறக்காமல் மாடியிலிருந்து பாருங்கள். ஒருவர் தெரிந்தால் ஒருவர்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கச் சுவரை ஒட்டி நிற்பவர் லென்ஸில் தெரிய மாட்டார்.

பதில் சொல்லாமல் இருப்பதைவிட உரக்கப் பதில் சொல்வது நல்லது. ஆளில்லாத வீடு என்று உறுதி செய்துகொள்ளவே சிலர் தட்டுவதுண்டு. குரலில் பயம் தெரியாமல், "காக்கா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று உள்நோக்கிச் சத்தமாகச் சொல்லுங்கள். "அவர் ஊரில் இல்லை, நாங்கள் பெண்கள் மட்டும்தான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பாதீர்கள். பகலில் யார் வந்தாலும் ஓடிப்போய்த் திறந்து பழகிய பிள்ளை இரவிலும் அதையே செய்யும். அதனால் பகலிலிருந்தே பழக்க வேண்டும்.

கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டு கொஞ்சமாகத் திறந்து பேசுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மரச்சட்டத்தில் சின்னத் திருகாணிகளால் மாட்டிய அந்தச் சங்கிலி, ஒரு ஆள் தோளால் மோதினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அது திறந்த கதவுதான். பேசுவதாக இருந்தால் கதவை மூடியபடியே பேசுங்கள். முன்வாசலில் கிரில் கேட் இருந்து அது பூட்டியிருந்தால் அது வேறு விஷயம். முன்கதவுக்கு இத்தனை பூட்டுப் போடும் நாம் கொல்லைப்புறக் கதவை ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறோம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்னால் ஒருவர் பேச்சுக் கொடுக்கும்போது பின்னால் இன்னொருவர் வரலாம். இரவில் கதவுகளை அல்லாஹ்வின் பெயர் சொல்லி அடைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நாம் மஃரிப் நேரத்தில் மட்டும் நினைக்கிறோம். படுக்கும் முன் ஒரு சுற்று வந்து எல்லாக் கதவையும் கையால் இழுத்துப் பார்ப்பது அதே சுன்னத்தில் சேரும் என்றே நினைக்கிறேன்.

மின்சாரம் போய்விட்டதா? கதவைத் திறந்து மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போகும் முன் ஜன்னல் வழியே தெருவைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் இருட்டு என்றால் அது மின்தடை. உங்கள் வீட்டில் மட்டும் இருட்டு என்றால் வெளியே இருக்கும் மெயின் சுவிட்சை யாராவது அணைத்திருக்கவும் கூடும். அப்போது பக்கத்து வீட்டாரை அழைத்த பிறகே வெளியே வாருங்கள். மீட்டர் பெட்டி வெளியில் இருக்கும் வீடுகளில் அதற்கு ஒரு பூட்டுப் போடுவது பெரிய செலவில்லை.

முதல் போன் யாருக்கு?

இதில்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் நேரம் வீணாகிறது. கதவு தட்டப்பட்டதும் பெண்கள் முதலில் அழைப்பது ரியாத்தில் இருக்கும் கணவரை. இங்கே பதினொன்றரை என்றால் அங்கே ஒன்பது மணி, அவர் விழித்துத்தான் இருப்பார். ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்? பதறிப்போய் ஊரில் இருக்கும் தம்பியை அழைப்பார், தம்பி எடுக்க மாட்டார், பிறகு மச்சானை அழைப்பார். பத்து நிமிடம் போய்விடும். முதல் அழைப்பு நடந்து வந்து சேரக்கூடிய ஒருவருக்குப் போக வேண்டும். எதிர்வீடு, பக்கத்து வீடு, அதே தெருவில் உள்ள உறவினர் என்று இரண்டு மூன்று பேரிடம் முன்பே சொல்லி வைத்து, அவர்கள் எண்ணை ஒரே அழுத்தில் அழைக்கும்படி போனில் பதிந்து வையுங்கள். அவர்களும் இரவில் போனைச் சைலண்டில் போடாதிருக்க வேண்டும்.

வந்தவர் போக மறுத்தாலோ, கதவை அசைத்தாலோ உடனே 112. காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஒரே எண் போதும். பழைய 100ம் வேலை செய்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. பேசும்போது முகவரியை முதலில் சொல்லுங்கள், நடந்ததை அப்புறம் சொல்லலாம். அழைப்பு துண்டித்தாலும் இடம் தெரிந்திருக்கும். "போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்" என்று வாசலில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வதும் பல நேரம் பலன் தரும்.

கதவை உடைக்கவே தொடங்கிவிட்டால் எதிர்த்து நிற்கும் எண்ணம் வேண்டாம். பிள்ளைகளோடு தாழ்ப்பாள் உள்ள அறைக்குள் போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்துங்கள். நகை போனால் போகட்டும். 1995 முதல் 2005 வரை தமிழகத்தின் நெடுஞ்சாலையோர வீடுகளை உடைத்துக் கொள்ளையடித்த பவாரியா கும்பல், 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே கொன்றது. அப்படிப்பட்டவர்கள் முன் வீரம் காட்டுவதில் பொருளில்லை. கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை பீரோவில் வைக்காமல் வங்கி லாக்கரில் வைப்பதுதான் அதற்கான மருந்து.

"போலீஸ், கதவைத் திற" என்றால்

இது சற்று நுணுக்கமானது. உண்மையான காவலர் என்றால் தடுக்க முடியாது. வாரண்டோடு அல்லது கைது செய்யும் அதிகாரத்தோடு வருபவரை உள்ளே விட வேண்டும் என்பதே சட்டம். ஆனால் அவர் காவலர்தானா என்று உறுதி செய்துகொள்ள உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பெயர், எந்தக் காவல் நிலையம், எதற்காக வந்திருக்கிறார் என்று கேளுங்கள். 112ஐ அழைத்தோ, காவல் நிலையத்தை அழைத்தோ சரிபாருங்கள். நிலையத்தின் எண்ணை வாசலில் நிற்பவரிடம் வாங்காதீர்கள், முன்பே குறித்து வைத்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சில பாதுகாப்புகளைத் தருகிறது. கைது செய்ய வருபவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் (பிரிவு 36). விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படியொரு சூழ்நிலையிலும் பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும் (பிரிவு 43). சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்ல முடியாது (பிரிவு 179). பிரிவு 44 நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும்: வழக்கப்படி அந்நியர் முன் வராத பெண் இருக்கும் அறைக்குள் நுழையும் முன், அவர் விலகிச் செல்லலாம் என்று அறிவித்து, அதற்கு வசதியும் செய்து தர வேண்டும். ஹிஜாப் அணிந்துகொள்ள அவகாசம் கேட்பதில் தவறே இல்லை. காவலர் போல நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 204ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

வந்தவர் உண்மையிலேயே உதவி தேடி வந்திருந்தால்?

தட்டுபவர் எல்லாரும் திருடர் அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது போன்ற ஒரு இரவில், தட்டப்படும் கதவு உயிரைக் காக்கலாம். தெருவில் தீ, வெள்ளம் என்று சொன்னால் ஜன்னல் வழியே பார்த்து உறுதி செய்துகொண்டு உடனே வெளியேறுங்கள்.

விபத்து, பிரசவ வலி, வண்டி பழுது என்று ஒருவர் சொன்னால் கதவைத் திறக்காமலேயே உதவ முடியும். "அங்கேயே இருங்க, நான் 108க்குப் போன் பண்றேன்" என்று சொல்லி உண்மையிலேயே அழையுங்கள். அவர் சொல்லும் உறவினர் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். தண்ணீர் கேட்டால் கிரில் வழியே கொடுங்கள். உதவி தேவைப்பட்டவர் இதற்கு நன்றி சொல்வார். உள்ளே வருவதில் மட்டும் குறியாக இருப்பவர் இதை ஏற்க மாட்டார். இரண்டு பேருக்குமான வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். "உங்கள் கணவருக்கு விபத்து, உடனே வாருங்கள்" என்று சொல்பவரோடு கிளம்பும் முன் கணவருக்கு நீங்களே போன் செய்து பாருங்கள்.

ரமளானில் கூடுதல் கவனம் வேண்டும். தராவீஹ் நேரத்தில் ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், ஜகாத் கேட்டு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், சஹர் நேரத்தில் தெருவில் நடமாட்டம் இருக்கும். ஜகாத் கேட்டு வருபவர்களை இரவில் வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிவாசல் அலுவலகத்தில் சந்திக்கும்படி ஜமாஅத்துகள் ஏற்பாடு செய்யலாம்.

விமானத்தில் வந்திறங்கி மனைவிக்கு இன்ப அதிர்ச்சி தர நினைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட நாள் வெளியூரில் இருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு நீங்கள் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு நீங்களும் அந்நியர்தான். ஏர்போர்ட்டிலிருந்தே சொல்லிவிடுங்கள்.

அவர் போன பிறகு

காலடிச் சத்தம் நின்றதும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டார் வந்து சேரும் வரை, அல்லது விடியும் வரை பொறுங்கள். சந்தேகப்படும்படி இருந்தால் மறுநாள் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டுவிட வேண்டாம், அதே ஆள் அடுத்த தெருவிலும் தட்டியிருக்கக்கூடும். தெருவில் சிசிடிவி இருந்தால் அன்றைய பதிவைச் சேமிக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும்.

ஆனால் அந்தப் படத்தை "திருடன், பார்த்தால் விடாதீர்கள்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒரு மனிதர் கொல்லப்பட்டார். இருவரும் எந்தக் குழந்தையையும் கடத்தவில்லை. உங்கள் வாசலில் நின்றவர் வழி தவறிய வடநாட்டுத் தொழிலாளியாகவோ, மனநலம் குன்றியவராகவோ இருந்திருக்கலாம். படத்தைக் காவல் நிலையத்துக்கும், வேண்டுமானால் ஜமாஅத் நிர்வாகிக்கும் மட்டும் கொடுங்கள்.