கல்லோயாவும் கடைமடையும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வோர் சொறிக்கல்முனையை அடைவர். திருச்சிலுவை ஆலயத்தாற் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்து கிடப்பவை நெல்வயல்களே. மாரியில் வெள்ளம் தாம்போதியை மூடிப் போக்குவரத்தைத் தடுப்பதும், சிறுபோகத்தில் வாய்க்கால் நீரின் வரவை நோக்கிக் கமக்காரர் வரப்பிலே காத்துநிற்பதும் இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய காட்சிகளாகும். வெள்ளத்திற்கும் வரட்சிக்கும் இடைப்பட்டு வாழும் இத்தகைய கிராமங்களுக்கு அரசு அளித்த ஆதரவு எத்தகையது? அது யாரைக் கேட்டு வந்தது? யாருடைய வயல்வரை வந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய அம்பாறை மாவட்டக் கரையோரம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக விளங்கியது. இங்கு வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டோராயினும், வயலில் ஒரே வழக்கையே பின்பற்றினர். நிலமுடைய போடியார், வேளாண்மையை முன்னின்று நடத்தும் முல்லைக்காரர், நீர்ப்பங்கீட்டையும் வேலியடைப்பையும் கண்காணிக்கும் வட்டவிதானை என்னும் சொற்கள் இரு சமூகத்தார்க்கும் பொதுவானவை. எப்போது விதைப்பது, எந்தக் கண்டத்திற்கு முதலில் நீர் விடுவது என்பனவற்றைக் கமக்காரர் கூட்டமே தீர்மானித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் இவ்வழமைகளின் பயனை உணர்ந்தவர். அவர் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழமைகளைக் கமக்காரரின் இணக்கத்தோடு மீண்டும் நிலைநாட்ட வழிசெய்தது. இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களைத் திருத்தும் முயற்சியும் அவர் காலத்ததே. குடியேற்ற ஆட்சிக்கு அரிசியும் வரியும் வேண்டியிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், குளத்தைக் கட்டுவது அரசின் பணி, நீரைப் பகிர்வது ஊரின் பணி என்னும் தெளிவு அச்சட்டத்தில் இருந்தது.

சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம் இப்பகுதிக்கே வாய்த்தது. பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிவந்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் பணி, பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் முயற்சியால் 1949இல் தொடங்கிற்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அதே ஆண்டில் நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமான மொறிசன் நட்சென் அணையைக் கட்டியது. சுமார் 770,000 ஏக்கர் அடி நீரைத் தேக்கும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. வெள்ளத் தணிப்பு, மின்சாரம், புதிய வயல்கள், பழைய கரையோர வயல்களுக்கு நிலையான நீர் எனப் பல நன்மைகளை அது கருதியது. அவற்றுட் பல கைகூடின என்பதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆயினும் அத்திட்டத்தில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, குடியேற்றத்தைப் பற்றியது. வெளி மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டமை, கீழ்நிலத்து மக்களிடையே தம் நிலமும் அரசியற் பலமும் குறையுமோ என்னும் அச்சத்தை விளைத்தது. 1956 ஜூனில் கல்லோயாப் பகுதியில் தமிழருக்கெதிராக மூண்ட வன்செயல் அவ்வச்சத்தை ஆறாத வடுவாக்கிற்று. எல்லோர்க்கும் நீர் தரவந்த திட்டம் இனங்களுக்கிடையே ஐயத்தையும் விதைத்தமை இரங்கத்தக்கது.

இரண்டாவது குறை நிர்வாகத்தைப் பற்றியது. அணை, கால்வாய், குடியேற்ற அலகு யாவும் மேலிருந்து திட்டமிடப்பட்டன. கமக்காரர் பெறுவோராக மட்டுமே கருதப்பட்டனர். பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரர்க்குப் பாதுகாப்பளித்த முற்போக்கான சட்டமாகும். போடியாரின் செல்வாக்குக்கு உட்பட்ட பழைய முறையில் ஏழைக் கமக்காரன் குரல் ஒலித்ததில்லை; ஆதலின் மாற்றம் வேண்டியதே. ஆனால் வட்டவிதானையின் பணிகளை ஏற்ற பயிர்ச்செய்கைக் குழுக்கள், நீரை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்திலும் மதிப்பிலும் பழைய முறைக்கு ஈடாகவில்லை. தலைமடையில் இருந்தோர் வேண்டியமட்டும் நீரை எடுத்தனர்; கால்வாய்கள் தூர்ந்தன; கடைமடை காய்ந்தது. இடதுகரையில் தலைமடை பெரும்பாலும் சிங்களக் கமக்காரருடையது, கடைமடை தமிழ் பேசும் மக்களுடையது. ஆதலால் நீர்ப்பற்றாக்குறை எளிதில் இனப்பூசலின் நிறத்தை ஏற்றது.

இந்நிலையில் நிகழ்ந்த ஒரு திருப்பம் நாம் ஆழ்ந்து நோக்கற்பாலது. இடதுகரையைப் புனரமைக்கும் திட்டமொன்று அமெரிக்க உதவியுடன் தொடங்கப்பட்டபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் கமக்காரரை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றன. 1981இல் இளம் பட்டதாரிகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கட்டளையிடவில்லை; வயல்வாய்க்கால் ஒவ்வொன்றிலும் கமக்காரரைக் கூட்டிப் பேசவைத்தனர். அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு; ஏறத்தாழக் காற்பங்கே இருந்தது. வழக்கமாகப் பூசல் மூளவேண்டிய காலம் அது. ஆனால் நீண்டகாலமாகத் தூர்ந்துகிடந்த வாய்க்கால்களைக் கமக்காரர் சிரமதானமாகத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடையிற் சேமித்த நீரைக் கீழே விட்டனர். சிங்களக் கமக்காரர் சேமித்த நீரில் ஒரு பங்கு தமிழ் பேசும் கமக்காரர் வயலுக்கும் சென்றது. இவ்வனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். 1988இல் அரசு கமக்காரர் பங்கேற்கும் நீர் முகாமைத்துவத்தைத் தன் கொள்கையாக ஏற்றமைக்கும் இவ்வனுபவம் துணைநின்றது.

இங்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது யாது? 1856இன் சட்டம் ஏற்றிருந்த பழைய உண்மையே, போடியாரின் மேலாண்மை நீங்கிய புதிய வடிவில், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளின் பின் மீண்டும் கண்டறியப்பட்டது எனலாம்.

அரசின் ஆதரவு நீரோடு நிற்பதன்று. 1948இல் நெல்லுக்கு உத்தரவாத விலையும், 1962 முதல் உர மானியமும், 1971இல் நெற் சந்தைப்படுத்தும் சபையும் வந்தன. அவை கமக்காரனைத் தாங்கின. ஆயினும் 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சியின் அறிகுறிகளுக்கும் கமக்காரர் எதிர்ப்புக்கும் இடையே அதே ஆண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டமை, கேட்காமல் இடும் கட்டளையின் கேட்டை மீண்டும் உணர்த்திற்று. கொடுப்பதாயினும் நிறுத்துவதாயினும், வயலில் நிற்பவனைக் கலந்து செய்யாத செயல் கடைமடையையே முதலில் வருத்தும்.

ஆகவே, கிராமத்துக்கு அரசு அளித்த ஆதரவை அணையின் உயரத்தாலோ செலவிட்ட பணத்தாலோ அளத்தல் போதாது. கடைசி வாய்க்காலின் கடைசி வயலில் நீர் நின்றதா, அதைப் பகிரும் கூட்டத்தில் அவ்வயற்காரனுக்கு இடம் இருந்ததா என்பனவே உரிய அளவுகோல்கள். 1981இல் கல்லோயாவுக்குச் சென்றோர் நம்மைப் போன்ற பட்டதாரி இளைஞரே. கலைப்பீடத்தில் வரலாறு கற்கும் நாம், பட்டம் பெற்றபின் மேசைக்கு மட்டும் உரியவராவோமா, வரப்பிலும் சென்று நிற்போமா? சொறிக்கல்முனையின் வயல்கள் நம்மிடம் கேட்கும் வினா இதுவேயாகும்.